கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்: ஒரு பிரபுவின் குற்றமும் அவனுக்காகச் சிறைப்பட்ட நாடும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்காக விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2016 மார்ச் மாதம் வெளியிட்ட ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’, கெட்டி அட்டையில் 256 பக்கங்கள் கொண்ட ஒரு கோதிக் திகில் ஆட்டநூல். ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் வலிமையில் முதல் நிலையில் தொடங்கிப் பத்தாம் நிலை வரை வளரும் ஒரு முழு கேம்பெய்னுக்கு, அதாவது பல அமர்வுகள் நீளும் தொடர் ஆட்டத்துக்கு, வேண்டிய கதை, வரைபடங்கள், ஊர்கள், மனிதர்கள், பேய்கள் எல்லாம் இதில் உண்டு. திகில் ஆட்டம் நடத்த விரும்பி, தொன்மக் கதைகள் செறிந்த ஒரு நூலைத் தேடும் டன்ஜன் மாஸ்டர்களுக்கு (கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு) இன்றுவரை நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஆனால் இந்நூல் ஆட்டக்காரர்களுக்குத் தரும் இன்பம் முழுவதற்கும் உரிய உழைப்பை நடத்துபவரின் தலையில் ஏற்றிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதையின் முடிச்சுகள் சில கீழே அவிழ்க்கப்படுவதால், இதில் ஆட்டக்காரராக அமரப்போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

இதன் வேர் 1983இல், அப்போது இந்த ஆட்டத்தை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட ‘ராவென்லாஃப்ட்’ என்ற 32 பக்கச் சிறுநூலில் இருக்கிறது. அதை எழுதிய டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியை எழுதத் தூண்டியது ஒரு எரிச்சல். ஏதோ ஒரு பாதாள அறையைத் திறந்தால் பூதங்களோடு பூதமாக ஒரு வாம்பையரும் (இரத்தக் காட்டேரி) நிற்கும் வழக்கமான ஆட்டத்தில், இந்த வாம்பையர் இங்கே ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடையே இருப்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முயற்சியே ஸ்ட்ராட் வான் ஸாரோவிச் என்ற பாத்திரம். 1990இல் அது ஒரு தனி உலகமாகவே விரிக்கப்பட்டுப் பெட்டித் தொகுப்பாக வந்தது. 2006இல் மூன்றரைப் பதிப்பின் விதிகளுக்கேற்ப மறுபடி எழுதப்பட்டது. கிறிஸ் பெர்கின்ஸ் தலைமையில் ஹிக்மன் தம்பதியின் ஆலோசனையோடு உருவான 2016 நூல், இடையில் வந்த விரிவுகளில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு 1983இன் கோட்டைக்கே திரும்பிச் சென்று, அதைச் சுற்றி ஒரு பள்ளத்தாக்கை எழுப்பியிருக்கிறது.

கதையின் கரு எளியது. போரில் பள்ளத்தாக்கை வென்ற பிரபு ஸ்ட்ராட், தன் தாய் ராவெனோவியாவின் பெயரால் ஒரு கோட்டையைக் கட்டுகிறான். வயது கடந்துகொண்டிருக்கும் வேளையில் டாட்டியானா என்ற பெண்மீது ஆசை கொள்கிறான். அவளோ அவனுடைய தம்பி செர்கேயை விரும்புகிறாள். திருமண நாளன்று தீய சக்திகளோடு செய்துகொண்ட உடன்பாட்டை நிறைவேற்றத் தம்பியைக் கொன்று அவன் இரத்தத்தைக் குடிக்கிறான் ஸ்ட்ராட். துரத்தப்பட்ட டாட்டியானா கோட்டையிலிருந்து கீழே குதித்துப் பனிமூட்டத்துக்குள் மறைகிறாள். அன்றிலிருந்து அவனுக்குச் சாவில்லை, அவன் நாட்டுக்கு வெயிலும் இல்லை. பரோவியா என்ற அந்த நாட்டைச் சூழ்ந்த மூட்டத்தைக் கடந்து வெளியேற முயல்பவர்கள் களைத்துச் சோர்ந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். இங்கே ஸ்ட்ராட்டும் ஒரு கைதிதான் என்பது நூலின் மிகச் சரியான முடிவு. டாட்டியானாவின் உயிர் தலைமுறைதோறும் புதிய பெண்ணாகப் பிறக்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் அவளைக் கண்டுபிடிக்கிறான், ஒவ்வொரு முறையும் இழக்கிறான்.

இந்தப் பழங்கதையை முன்னுரையில் மூன்று பக்கங்களுக்குக் கொட்டிவிட்டு ஆட்டத்துக்குள் நுழையும் நூல்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இது அப்படிச் செய்வதில்லை. டன்ஜன் மாஸ்டருக்கு வரலாறு தெரியும். ஆட்டக்காரர்களுக்கோ அது நாடு முழுவதும் சிதறிக் கிடக்கிறது. சதுப்பில் புதைந்து பாழடைந்த பெரெஸ் என்ற ஊருக்குப் போனால், டாட்டியானாவின் முந்தைய பிறவிகளில் ஒருத்தியான மரீனாவின் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஸ்ட்ராட்டின் கையில் அவள் சிக்கக்கூடாது என்று ஊர்த்தலைவரே ஊர்ப் பூசாரியின் துணையோடு அவளைக் கொன்றார் என்பதும், அந்தச் சினத்தில் ஸ்ட்ராட் ஆற்றைப் பெருகச் செய்து ஊரையே அழித்தான் என்பதும் அங்கேதான் தெரியவரும். அதற்குள் ஆட்டக்காரர்கள் இன்றைய பிறவியான இரீனா கொல்யானாவோடு பல நாள் பயணம் செய்து அவளோடு நெருங்கியிருப்பார்கள். கொன்றாவது காப்பது என்ற முடிவுக்கு ஒரு ஊரே வந்திருந்தது என்று அவள் அருகில் இருக்கும்போது அறிவது, எந்தப் பேயைக் காட்டுவதைவிடவும் மேசையை அமைதியாக்கும்.

பரோவியா மக்களைப் பற்றிய ஒரு செய்தியும் இதே வகையைச் சேர்ந்தது. மூட்டத்தை மீறி உயிர்கள் வெளியேற முடியாததால் பழைய உயிர்களே மறுபடி மறுபடி பிறக்கின்றன. எண்ணிக்கை போதாமல் பத்தில் ஒன்பது பேர் உயிரற்ற வெற்றுக்கூடுகளாகவே பிறக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில்லை, அழுவதில்லை, சாம்பல் நிற உடையில் சொன்னதைச் செய்துகொண்டு வாழ்கிறார்கள். இதை ஒரு விளக்கமாகச் சொல்லிவிட்டால் அது வெறும் தகவல். ஏன் இந்தப் பெண் தன் வீடு எரிவதைப் பார்த்தும் அசையவில்லை என்று ஆட்டக்காரர்களே கேட்கும்வரை காத்திருக்கும் டன்ஜன் மாஸ்டருக்கு அதே செய்தி ஒரு முழு இரவு ஆட்டத்தைக் கொடுக்கும்.

நூலின் அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது சீட்டுக் குறி. டிசெர் குளக்கரையில் கூடாரமடித்திருக்கும் மேடம் ஈவா, டாரோக்கா என்ற 54 சீட்டுக் கட்டிலிருந்து ஐந்து சீட்டுகளைச் சிலுவை வடிவில் வைக்கிறாள். கட்டில் 40 சாதாரணச் சீட்டுகள் வாள், விண்மீன், நாணயம், சின்னம் என நான்கு இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. மீதி 14 உயர்சீட்டுகள். முதல் மூன்று சீட்டுகள் ஸ்ட்ராட்டின் நாட்குறிப்பு, ராவன்கைண்டின் புனிதச் சின்னம், செர்கேயின் வாளாக இருந்த சன்ஸ்வார்ட் ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று காட்டும். நான்காவது துணைக்கு வருபவர் யார் என்றும், ஐந்தாவது கோட்டைக்குள் ஸ்ட்ராட்டை எங்கே சந்திக்க நேரும் என்றும் சொல்லும். ஒவ்வொரு சீட்டுக்கும் வாய்விட்டுப் படிக்க ஒரு புதிர்வாசகம் அச்சாகியிருக்கிறது. இந்த உத்தி 1983 சிறுநூலிலேயே சாதாரண விளையாட்டுச் சீட்டுகளோடு இருந்தது; 2016 நூலிலும் டாரோக்கா கட்டு இல்லாதவர்கள் வீட்டிலிருக்கும் சீட்டுக்கட்டைப் பயன்படுத்த ஒரு அட்டவணை உண்டு. குறிசொல்லும் காட்சி நாடகமாகவும் இருக்கிறது, ஆட்டத்தின் பாதையை உண்மையிலேயே தீர்மானிக்கவும் செய்கிறது. ஒரே நூலை இரண்டு குழுக்களுக்கு நடத்தினால் இரண்டு வேறு ஆட்டங்கள் கிடைப்பதற்குக் காரணம் இந்த ஐந்து சீட்டுகள்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: வாள் முதல் கிராமத்துக்கு அருகிலேயே அமைந்துவிடும் சீட்டு விழுந்தால் பாதிப் பயணத்துக்குத் தேவையே இல்லாமல் போய்விடும். குறியைத் தனியே முன்கூட்டிப் பார்த்து, விழுந்தது பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை என்பது என் கருத்து.

திகிலை இரத்தத்தில் காட்டாமல் அன்றாட வாழ்க்கையில் காட்டுவதில் இந்நூலுக்குத் தனித் திறமை இருக்கிறது. நாட்டின் பெயரையே கொண்ட பரோவியா கிராமத்தில் மோர்காந்தா என்ற கிழவி தள்ளுவண்டியில் பணியாரம் போன்ற சிறு பலகாரங்களை வீடு வீடாக விற்கிறாள். தின்றவர்களுக்கு இனிய கனவு வரும். அந்த நாட்டில் வேறு எந்த இன்பமும் இல்லாததால் விரைவில் அது இல்லாமல் வாழ முடியாத நிலைக்கு வந்துவிடுவார்கள். காசு தீர்ந்த பெற்றோர் பிள்ளையைக் கொடுக்கிறார்கள். ஊருக்கு வெளியே உள்ள ஓல்டு போன்கிரைண்டர் என்ற காற்றாலையில் மாவோடு சேர்ந்து அரைபடுவது அந்தப் பிள்ளைகளின் எலும்புகள். குற்றவாளி கிழவி மட்டுமல்ல, கதவைத் திறந்து பிள்ளையை ஒப்படைத்த வீடும்தான் என்பதைப் புரிந்துகொள்ளும் கணத்தில் ஆட்டக்காரர்கள் யாரை வெட்டுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

ஆனால் இதே காற்றாலைதான் நூலின் மிகப் பெரிய நடைமுறைக் கோளாறும். முதல் கிராமத்திலிருந்து அடுத்த ஊரான வல்லாகிக்குப் போகும் வழியிலேயே அது நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து மந்திரம் செய்யும் மூன்று நைட் ஹாக்குகள், அதாவது கிழவி வடிவில் திரியும் தீய சூனியக்காரிகள். அந்த இடத்தை அடையும்போது பெரும்பாலான குழுக்கள் மூன்றாம் நிலையில் இருக்கும். நேர்ச்சண்டையில் இறங்கினால் பிழைப்பது அரிது. வல்லாகியில் சவப்பெட்டி செய்பவரின் கடை மாடியில் ஆறு வாம்பையர் ஸ்பான்கள் (வாம்பையரால் உருவாக்கப்பட்ட கீழ்நிலை வாம்பையர்கள்) பதுங்கியிருக்கும் காட்சியும் இதே ரகம். திகில் ஆட்டத்தில் ஓடுவதும் ஒரு வழி என்று வாதிடலாம். ஆனால் ஓட வேண்டும் என்பதை ஆட்டக்காரர்களுக்கு எப்படி உணர்த்துவது என்று நூல் சொல்லிக்கொடுப்பதில்லை. அனுபவமில்லாத டன்ஜன் மாஸ்டர் எழுதியிருப்பதை எழுதியபடி நடத்தினால், சோகக் காவியம் இரண்டாவது வாரத்திலேயே முடிந்துவிடும்.

வல்லாகி நகரம் தனியே பேசத் தக்கது. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தால் சாபம் நீங்கிவிடும் என்று நம்பும் நகர ஆட்சியாளர் பாரன் வர்காஸ் வல்லாகோவிச் வாரந்தோறும் ஒரு திருவிழாவைக் கட்டாயமாக்கி, சிரிக்காதவர்களைத் தண்டிக்கிறார். அவருக்கு எதிராகச் சதி செய்யும் லேடி வாக்டர் ஸ்ட்ராட்டின் விசுவாசி. இருவரில் யாரை ஆதரித்தாலும் ஊர் கெடும். இந்த அரசியலுக்கு நடுவே பிளின்ஸ்கி என்ற பொம்மைக்காரரின் கடை ஒன்று இருக்கிறது. அங்கே விற்கும் பொருட்களில் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைக்கும் மரப்பொம்மை. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க உள்ளே இருப்பவர் வயதாகிக்கொண்டே போய், கடைசியில் இருப்பது வற்றிய பிணம். இன்னொன்று, தலையில்லாத பொம்மையோடு தனிப் பையில் வரும் பல தலைகள். நல்ல மனம் படைத்த அந்த மனிதருக்குத் தன் பொம்மைகளை ஏன் எந்தக் குழந்தையும் விரும்புவதில்லை என்பது புரியவே இல்லை. சில வரிகளில் முடிந்துவிடும் இந்தக் கடை, பக்கம் பக்கமாக வருணிக்கப்பட்ட எத்தனையோ மண்டபங்களைவிட அதிகமாகப் பரோவியாவைப் புரியவைக்கிறது. கடையின் அலமாரியில் இரீனாவின் சாயலில் செய்யப்பட்ட பொம்மைகளும் உண்டு. அவற்றைச் செய்யச்சொன்னவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினால் இன்னொரு கதைக்கதவு திறக்கும்.

இவ்வளவு நல்ல சரக்கை அடுக்கியிருக்கும் விதம்தான் பொறுமையைச் சோதிக்கிறது. பதினைந்து அத்தியாயங்களில் நான்காவதாகக் கோட்டை வந்துவிடுகிறது; ஆட்டத்திலோ அது கடைசிக் களம். எந்த இடம் எந்த நிலைக்கு ஏற்றது என்று ஒரு அட்டவணை இருந்தாலும், அத்தியாயங்களின் வரிசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே மனிதரைப் பற்றிய செய்தி மூன்று நான்கு அத்தியாயங்களில் பிரிந்து கிடக்கிறது. ரிக்டாவியோ என்ற பெயரில் வல்லாகி விடுதியில் தங்கியிருக்கும் ஊர்சுற்றிக் கலைஞர் உண்மையில் புகழ்பெற்ற வாம்பையர் வேட்டைக்காரர் ருடால்ஃப் வான் ரிக்டன். அவரைப் பற்றிய குறிப்புகளுக்கு விடுதி, அவருடைய கோபுரம், பின்னிணைப்பு என்று தனித்தனி இடங்களில் தேட வேண்டும். நூல் முழுவதையும் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருமுறை படித்து, மனிதர் வாரியாகத் தனிக் குறிப்பேடு தயாரித்துக்கொள்ளாமல் மேசைக்கு வரவே கூடாது. இரவு ஆட்டத்துக்கு மாலையில் புத்தகத்தைப் புரட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு இது ஏற்ற நூல் அல்ல.

ஸ்ட்ராட்டை எதிரியாக நடத்துவதற்கு நூல் தரும் வழிகாட்டல் நன்றாகவே இருக்கிறது. எதிரியின் வலிமையைக் குறிக்கும் சவால் மதிப்பு 15, தாங்கக்கூடிய அடியின் அளவான உயிர்ப்புள்ளி 144, காயம் தானாக ஆறும் ஆற்றல், போதாக்குறைக்குக் கோபுரத்தில் துடித்துக்கொண்டிருக்கும் ‘ஹார்ட் ஆஃப் சாரோ’ என்ற படிக இதயம் அவன் வாங்கும் அடிகளைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு இருந்தும் அவன் ஒரே அறையில் நின்று சாகும்வரை சண்டையிட்டால் நான்கைந்து சுற்றுகளில் கதை முடிந்துவிடும். சுவருக்குள் மறைந்து, தளத்துக்குத் தளம் நழுவி, வேண்டும்போது மட்டும் வந்து அடித்துவிட்டுப் போகச் சொல்கிறது நூல். அதற்கேற்ற சக்திகளையும் கொடுத்திருக்கிறது. முதல் நிலையிலிருந்தே அவன் ஆட்டக்காரர்களை வேவு பார்க்கிறான், வழியில் சந்திக்கிறான், மரியாதையாகப் பேசுகிறான், விருந்துக்கு அழைப்புக் கடிதம் அனுப்புகிறான். அந்த மரியாதையில் ஏமாந்து அவனைக் காதலில் தோற்ற சோக நாயகனாகச் சித்திரித்துவிடும் ஆட்டங்கள் உண்டு. அது பிழையான வாசிப்பு என்றே நினைக்கிறேன். டாட்டியானாவின் விருப்பம் என்னவென்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதனாலேயே அவன் பயங்கரமானவன்.

குறையென்று இன்னொன்றும் உண்டு. மலையுச்சியில் உள்ள ஆம்பர் டெம்பிளில், ஸ்ட்ராட்டுக்குச் சாவாமையைக் கொடுத்த தீய சக்திகள் பிசின்கல் பேழைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. தொட்டால் பேரம் பேசும், வரம் கொடுக்கும், பதிலுக்கு உடலையோ மனத்தையோ கெடுக்கும். ஆட்டக்காரர்களுக்கும் ஸ்ட்ராட்டுக்கு வந்த அதே சோதனை வைக்கப்படுவது அழகான யோசனை. ஆனால் 1990இன் தொகுப்பு முகமற்றதாகவே விட்டுவைத்த சக்திகளுக்குப் பெயரும் பெட்டியும் கொடுத்துப் பட்டியலிட்டதில் அச்சம் பெருமளவு கரைந்துவிட்டது. நான் நடத்தும்போது பெயர்களைச் சொல்வதே இல்லை. பேழையையும் குரலையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். கோட்டையின் நிலவறைக் கல்லறைகளில் 1983இலிருந்தே தொடரும் நகைச்சுவைப் பெயர்களைப் பற்றியும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. தடுக்கி விழுந்து தன் வாளாலேயே செத்த வீரர் ஒருவருக்கு அங்கே கல்லறை இருக்கிறது. பல மணி நேர இறுக்கத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு வருவதில் எனக்கு மறுப்பில்லை.

விஸ்தானி என்ற நாடோடி மக்களை 2016 நூல் சித்திரித்த விதம் வெறும் குறை என்று கடந்துவிடக்கூடியது அல்ல. குறிசொல்பவர்கள், குடிகாரர்கள், திருடர்கள், வில்லனின் ஒற்றர்கள் என்று ரோமா மக்களைப் பற்றி ஐரோப்பாவில் வழங்கிவந்த இழிவுகள் அப்படியே அதில் ஏற்றப்பட்டிருந்தன. கண்டனங்களுக்குப் பிறகு நிறுவனம் வாசகங்களைத் திருத்தியது. 2020இல் சவப்பெட்டி வடிவப் பெட்டியில் வந்த ‘ரீவாம்ப்டு’ பதிப்பில் திருத்தப்பட்ட நூலோடு, 54 டாரோக்கா சீட்டுகள், தனி உயிரினக் கையேடு, டன்ஜன் மாஸ்டருக்கான மறைப்புத் திரை, பெரிய வரைபடம், அஞ்சலட்டைகள் ஆகியவை உண்டு. அச்சிட்ட சீட்டுகளும் தனிக் கையேடும் மேசையில் உண்மையிலேயே பயன்படுகின்றன. அஞ்சலட்டைகளும் சவப்பெட்டியும் அலங்காரம். பழைய நூல் 49.95 டாலர், பெட்டி 99.99 டாலர் என்று வெளியானபோது அறிவிக்கப்பட்ட விலைகளின் வேறுபாட்டுக்கு அந்த அலங்காரம் ஈடாகாது. பழைய அச்சுப் பிரதியை வாங்குபவர்கள், திருத்தங்களை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துத் தங்கள் நூலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக் கொலை, கட்டாயக் காதல், மனச்சிதைவு எல்லாம் கதையின் மையத்தில் இருப்பதால், எது மேசைக்கு வரலாம், எது வரக்கூடாது என்று ஆட்டக்காரர்களோடு முன்கூட்டிப் பேசாமல் இதைத் தொடங்கக்கூடாது. இந்நூல் பயத்தைக் கூட்டும் உத்திகளைச் சொல்கிறதே தவிர, இந்தப் பேச்சுக்குப் போதிய இடம் தரவில்லை. அதை நன்றாகச் செய்திருப்பது 2021 மே மாதம் வந்த ‘வான் ரிக்டன்ஸ் கைடு டு ராவென்லாஃப்ட்’. பல திகில் நாடுகளைச் சில பக்கங்களில் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தும் தொகுப்பு அது. அவற்றில் காலகேரி என்ற நாடு இந்தியச் சாயலில், அரியணைக்காக உடன்பிறந்தாரைக் கொன்ற ரம்யா வாசவதன் என்ற அரசியையும், ராட்சசனாகத் திரும்பிவந்த அவள் சகோதரன் அரிஜானியையும் வைத்து எழுதப்பட்டிருப்பதால் நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். ஆனால் அந்நூல் தருபவை விதைகள் மட்டுமே. வளர்க்கும் வேலை நம்முடையது. ஆயத்தமான ஒரு கதையை நடத்த விரும்புபவர்கள் முதலில் ஸ்ட்ராட்டை வாங்கலாம். சொந்தக் கதை புனைபவர்களுக்கு இரண்டாவது நூலே போதும்.

விதிகளைப் பொறுத்தவரை இது 2014இன் ஐந்தாம் பதிப்புக்கு எழுதப்பட்டது. 2024இல் திருத்தப்பட்ட விதிகளோடும் சிறு மாற்றங்களுடன் ஓடும். பாத்திரங்கள் சற்று வலுவாக இருப்பதால் காற்றாலைச் சண்டையில் பிழைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. வாங்குவதற்கு முன் சுவை பார்க்க விரும்புபவர்களுக்கு, பின்னிணைப்பாக உள்ள ‘டெத் ஹவுஸ்’ என்ற தொடக்கச் சாகசத்தை நூல் வெளியான காலத்தில் நிறுவனமே இலவச பி.டி.எஃப். ஆகக் கொடுத்தது. ரோஸ், தோர்ன் என்ற இரண்டு குழந்தைகளின் மாயத்தோற்றங்கள் தெருவில் நின்று வீட்டுக்குள் ஒரு பூதம் இருப்பதாக அழைப்பதில் தொடங்கும் அது, ஓரிரு அமர்வுகளில் முடிந்துவிடும். கீழ்த்தளத்துப் பலிபீடத்தில் ஒருவர் சாக வேண்டும் என்று குரல்கள் கேட்கும்போது மறுத்துவிட்டு ஓடும் குழுவை, வீடே கதவுக்குக் கதவு சுழலும் கத்திகளாலும் நச்சுப்புகையாலும் துரத்தும். முதல் நிலைப் பாத்திரங்கள் அதில் எளிதில் சாகக்கூடும் என்பதால், ஒவ்வொருவரும் மாற்றுப் பாத்திரம் ஒன்றைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது.